ஊசி நின்றுவிடுமா, சிஸ்டர்?

டைப் 1 சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றுத்தருவது என் வேலை. சதையைப் பிடித்து ஊசியை இறக்கி, மருந்தைச் செலுத்தி, பத்து எண்ணிய பிறகே எடுக்க வேண்டும். பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். பெற்றோருக்குத்தான் கை நடுங்கும்.

ஓர் அப்பா ஒருநாள், நான்காக மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். மடிப்புகளில் எழுத்தே அழிந்திருந்தது. ஸ்டெம் செல், அதாவது வேறு வகை செல்களாக வளரக்கூடிய மூல செல், சிகிச்சையில் இன்சுலினை நிறுத்தியவர்களைப் பற்றிய செய்தி. "இவளுக்கும் செய்யலாமா, சிஸ்டர்?"

செய்தி உண்மைதான். பிரேசிலில் வோல்டரெல்லி குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அது. 15 பேரில் 14 பேர் கொஞ்ச காலமாவது ஊசியில்லாமல் இருந்தார்கள். ஆனால் அந்த ஸ்டெம் செல்கள் கணையத்துக்குள் போய் இன்சுலின் சுரக்கவில்லை. நோயாளியின் ரத்தத்திலிருந்தே அவற்றைப் பிரித்து உறையவைத்தார்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கிக்கொண்டிருந்த நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கடுமையான மருந்துகளால் அடக்கினார்கள். அப்புறம் செல்களைத் திருப்பி ஏற்றினார்கள். எதிர்ப்பு சக்தி புதிதாகத் தழைக்கும்போது, மிச்சமிருக்கும் பீட்டா செல்களாவது பிழைக்கட்டும் என்பதுதான் கணக்கு. அதனால்தான் நோய் தெரிந்து ஆறு வாரத்துக்குள் வந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள்.

அவர் மகளுக்கு நோய் தெரிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நான் ஆறு வாரம் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. "அப்பவே எனக்குத் தெரிஞ்சிருந்தா..." என்றார். தகவலைச் சரியாகச் சொல்லி, அந்த மனிதருக்கு ஒரு குற்ற உணர்ச்சியைக் கொடுத்துவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது. அது ஓர் ஆய்வுதான், நிமோனியா வந்தவர்கள் உண்டு, விந்தணு குறைந்தவர்கள் உண்டு, பலர் பிற்பாடு இன்சுலினுக்கே திரும்பினார்கள் என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது கேட்பவர்களிடம் அந்த வரிசையில்தான் பேசுகிறேன். 2024-இல் வெளியான சீன ஆய்வையும் சொல்கிறேன். 25 வயதுப் பெண்ணின் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த செல்களை மாற்றியமைத்து, இன்சுலின் சுரக்கும் திட்டுகளாக வளர்த்து, வயிற்றுத் தசை உறைக்கடியில் வைத்தார்கள். 75 நாளில் அவர் ஊசியை நிறுத்தினார். ஆனால் கல்லீரல் மாற்று சிகிச்சைக்காக அவர் ஏற்கெனவே எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் இருந்தவர். அந்த மருந்து இல்லாத உடம்பில் இது நிலைக்குமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

பணம் கட்டினால் ஸ்டெம் செல் ஏற்றுகிறோம் என்ற விளம்பரத்தோடு வருபவர்களிடம் ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன்: யார் சொன்னாலும் இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கீட்டோஅசிடோசிஸில், அதாவது இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் நிலையில், உயிரே போய்விடும்.

அந்த அப்பா துண்டை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மகள் அதற்குள் இன்சுலின் பேனாவில் இரவு அளவைத் திருப்பி வைத்து, சரியா என்று என்னிடம் நீட்டினாள்.