உப்பளம் நோக்கி

19 ஜனவரி 2024, சென்னை

உப்பளத் தொழிலாளர்களுக்காகப் பணம் திரட்ட, நாளை விடியற்காலை 4 மணிக்குத் திருவான்மியூரிலிருந்து 22 பேர் சைக்கிளில் புறப்படுகிறோம். வலது முழங்காலுக்குப் பட்டியை இறுக்கிக் கட்டி மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பார்த்தேன், வலி இல்லை. நான் கடக்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு தருவதாக இன்றிரவு வரை 56 பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் நான் மிதிக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 118 ரூபாய் சேரும்.

20 ஜனவரி, புதுச்சேரி

ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளியதால் களைப்புத் தெரியவில்லை. மரக்காணத்து உப்பளங்களில் மழைநீர் இன்னும் வற்றவில்லை; பாத்திகளின் வரப்புகள் மட்டும் தலைகாட்டுகின்றன. தண்ணீர் வற்றும் வரை அங்கே யாருக்கும் கூலி இல்லை என்பதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

21 ஜனவரி, சிதம்பரம்

முழங்கால் அமைதியாக இருக்கிறது.

22 ஜனவரி, நாகப்பட்டினம்

கொள்ளிடம் பாலத்தில் நின்றபோது குழுவிலேயே இளையவன் கேட்டான்: "அக்கா, இந்தப் பணத்தை வீட்டிலிருந்தபடியே அனுப்பியிருக்கலாமே, இத்தனை பேர் எதற்காக மிதிக்க வேண்டும்?" உணவுக்கும் வண்டிச் செலவுக்கும் நாங்களே கொடுக்கிறோம், திரட்டிய பணத்தில் ஒரு ரூபாயையும் தொடுவதில்லை என்று சொன்னேன். அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் என்று ஊர்கள் கடந்தன. அந்தக் கேள்வி மட்டும் கூடவே வந்தது. வெறுமனே கேட்டிருந்தால் இந்த 56 பேரில் பத்துப் பேராவது கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகந்தான். ஆனால், கொடுக்கிறவர்களின் மனத்தை அசைப்பதற்கு என் முழங்கால் தேவைப்படுகிறது என்றால், அது யாருடைய குறை?

23 ஜனவரி, வேதாரண்யம்

மாலையில் அகத்தியம்பள்ளி நினைவுத்தூணுக்குப் போனோம். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் நடக்கத் தொடங்கிய தொண்டர்கள் பதினைந்து நாட்களில் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஏப்ரல் 30 அன்று உப்பெடுத்ததற்காக ராஜாஜி கைதானார். அதே மண்ணில் இன்று பெண்கள் சேற்றை வழித்து, பாத்தியின் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தரை இறுகி, உவர்நீர் பாத்தி பாத்தியாக மாறி, உப்பு பூத்து, அதை வாருவதற்கு இன்னும் வாரங்கள் ஆகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அப்போது அளத்தில் வேலை இல்லை. அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் உதவுகிறதுதான், ஆனாலும் மூன்று மாத அடுப்புக்கு அது போதவில்லை. எனவே முன்பணம் வாங்குகிறார்கள், அல்லது வட்டிக்கு வாங்குகிறார்கள். அடுத்த பருவத்தின் கூலி உப்பு பூக்கும் முன்பே கரைந்துவிடுகிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003 முதல் சட்டம் இருக்கிறது. தைரியமாகப் புகார் கொடுத்தவள் மறுபடி மழை வரும்போது யாரிடம் கைநீட்டுவாள்? நாங்கள் திரட்டுவது வட்டியில்லாத மழைக்கால நிதிக்காக. இதை ஒவ்வொரு ஊரிலும் சொல்கிறேன். சொல்லச் சொல்லத் தொகை சிறியதாகத் தெரிகிறது.

24 ஜனவரி, தொண்டி

முத்துப்பேட்டையைத் தாண்டிய பிறகு முழங்கால் மடங்க மறுத்தது. உடன் வந்த வேனில் ஏற்றிவிட்டார்கள். நான் மிதிக்காத தூரம் 31 கிலோமீட்டர். 31 பெருக்கல் 118: 3,658 ரூபாய். சன்னலோரம் உட்கார்ந்து மைல்கற்களை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு கல்லும் யாரோ ஒருத்தியின் அரிசிப் பணம் என்று தோன்றியது. அழுகையை அடக்க முடியவில்லை.

25 ஜனவரி, இராமநாதபுரம்

தைப்பூசம். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முன்பே போய்ச் சேர்ந்திருப்பார்கள். மெதுவாக மிதித்தேன், ஆனால் முழுத் தூரத்தையும் மிதித்தேன்.

26 ஜனவரி, வேம்பார்

சாலையின் இரு பக்கமும் சீமைக்கருவேலம். 3,658. கொடுப்பவர்கள் 56 பேருக்கும் நடந்ததை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். வேனில் வந்த தூரத்தையும் சேர்த்தே தருவதாக இருவர் பதில் எழுதினார்கள். அதை ஏற்கலாமா என்று தெரியவில்லை. பணம் எனக்கானதாக இருந்தால் மறுத்திருப்பேன். எனக்கானதல்லாத பணத்தை என் நேர்மைக்காக மறுக்க எனக்கு உரிமை உண்டா?

27 ஜனவரி, தூத்துக்குடி

டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளத்தின் தடம் இந்தப் பகுதியெங்கும் அழியாமல் கிடக்கிறது. குவித்து வைத்திருந்த உப்பு கரைந்துபோயிற்று, பாத்திகளில் வண்டல் படிந்திருக்கிறது. அளத்துக்கரையில் ஓர் ஆச்சி என் காலைப் பார்த்துவிட்டுத் தன் காலை நீட்டினாள், விரலிடுக்குகள் வெடித்திருந்தன. வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய பத்தாயிரத்துக்கு வாரந்தோறும் வட்டி கட்டுவதாகச் சொன்னாள். வேனில் வந்ததைப் பற்றி, கேட்காமலே, அவளிடம் சொன்னேன். "கால் முடியலேன்னா ஏறி உக்கார உனக்கொரு வண்டி வந்திச்சே, அதுவரைக்கும் நல்லதும்மா" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை, மனமாரத்தான் சொன்னாள். எனக்குத்தான் அதன் பிறகு பேச்சு வரவில்லை.

இரவு அந்த இருவருக்கும் எழுதினேன்: தாருங்கள், 31 கிலோமீட்டருக்கும் சேர்த்தே தாருங்கள்.

28 ஜனவரி, காலை 4 மணி

முழங்கால் வீங்கியிருக்கிறது. பட்டியைக் கட்டிவிட்டேன். திருச்செந்தூர், பிறகு கன்னியாகுமரி. ஆத்தூர்ப் பாலத்தைத் தாண்டியதும் எழுதுகிறேன்.