மறுபடியும் கையில் கியூ

ஐம்பதைத் தாண்டியபின் மறுபடியும் ஸ்னூக்கர் ஆடத் தொடங்கியிருக்கிறேன். ரங்கூன் அனோரத்தா சாலையில், காளி கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு மாடியில் நாலைந்து மேஜை போட்ட கிளப். மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்துப் பகலில்தான் போகிறேன். மேலே விளக்கு இல்லாவிட்டால் பன்னிரண்டடி மேஜையில் ஒன்றும் தெரியாது.

முதலில் மல்லுக்கு நின்றது கண். தாடையைக் கியூவில், அதாவது பந்தை அடிக்கும் கோலில், வைத்துக் குனிந்தால், கண்ணாடியின் மேல் விளிம்பு வழியாகத்தான் பார்க்க முடியும். படிக்கவும் தூரம் பார்க்கவும் சேர்த்துப் போட்ட என் கண்ணாடியில், தூரத்துச் சிவப்புப் பந்து சட்டத்துக்கு மேலே போய்விட்டது. டென்னிஸ் டெய்லர் பெரிய வட்டக் கண்ணாடி போட்டு ஆடினாரே, 1985 உலகப் போட்டியில் கடைசிக் கறுப்புப் பந்தில் ஸ்டீவ் டேவிஸை 18-17 என்று தோற்கடித்தாரே, அந்த மாதிரி ஒன்று செய்யச் சொன்னேன். தூரப் பார்வைக்கு மட்டும் கண்ணாடி, சட்டம் உயரமாக, மேல்பக்கம் கொஞ்சம் சாய்வாக. வீட்டில் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், பந்தின் ஓரம் இப்போது வெட்டினாற்போல் தெரிகிறது.

அப்புறம் கை. மேஜையில் ஒவ்வொரு கலர் பந்துக்கும் ஒரு புள்ளி உண்டு. பிரவுன் புள்ளியில், கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்தை வைத்து, நீலம், பிங்க், கறுப்புப் புள்ளிகளின் மேலாக நேரே அடிக்க வேண்டும். எதிர்க் குஷனில், அதாவது மேஜையின் ரப்பர் விளிம்பில், பட்டு அதே கோட்டில் திரும்பி வந்து கியூ நுனியில் முட்டினால் அடி சுத்தம். விலகி வந்தால், நமக்குத் தெரியாமலே பந்தின் பக்கவாட்டில் குத்தியிருக்கிறோம். தொடக்கத்தில் வலப்பக்கமே விலகியது. முழங்கை வெளியே போகிறது என்று, கிளப்பில் ஆட்டக் கணக்கு எழுதும் மார்க்கர் பையன் சொன்னான். இந்தச் சலிப்பான பயிற்சியை இளவயதில் யாராவது செய்யச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்போம்.

அந்தக் காலமே வேறு. 1992ல் ஊரடங்கை எடுத்தார்கள். இருபது வயதுப் பையன்களுக்கு அதுவரை பூட்டிக் கிடந்த ராத்திரி திடீரென்று கைக்கு வந்தது. பக்கத்து நாடான தாய்லாந்தின் ஜேம்ஸ் வட்டனா அதே ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பனில் 147, அதாவது ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய முழு எண்ணிக்கை, அடித்திருந்தார், ஆகவே எங்கள் கூட்டத்தில் எல்லாருமே வட்டனா! சிவப்பைப் பையில் போட்டால் 'டமார்' என்று சத்தம் வர வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஸ்னூக்கர். வெள்ளை எங்கே போய் நிற்கிறது என்று யார் பார்த்தார்கள்? எங்களில் ஒருவனுக்குக் கோவையில் உறவு. ஆட்ட விதிகளை எழுதி ஊட்டி கிளப்பில்தான் முதலில் மாட்டினார்கள், ஆகவே இது நம்ம ஆட்டம் என்று தோற்கும்போதெல்லாம் சொல்வான்.

தோற்றவன் மேஜைக் காசு கொடுக்க வேண்டும். 45, 90 கியாட் நோட்டுகள் அப்போதும் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் கணக்குப் போட்டுச் சில்லறை பிரிப்பதற்குள் அடுத்த ஃபிரேமே, அதாவது அடுத்த ஆட்டமே, ஆடி முடித்துவிடலாம். ஜெயித்தவன் டீயும் பிளாட்டாவும் (இங்கத்திய பரோட்டா) வாங்கித் தர வேண்டும், ஆகவே யாருக்கும் பெரிய லாபமில்லை. நடுவில் விளக்குப் போனால் மெழுகுவத்தி ஏற்றிப் பேசிக்கொண்டிருப்போம். ஒருத்தனும் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. சூலே பகோடா பக்கம் நடை, சைனா டவுனில் சுட்ட இறைச்சிக் குச்சிகள், விடிகிற நேரத்தில் மோகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ், நீலக் குட்டி மாஸ்டா டாக்சியில் ஆறு பேர். உண்மையில் நாங்கள் ஆடியது ராத்திரியைத்தான், ஸ்னூக்கர் அதற்கு ஒரு சாக்கு. இப்போது ராத்திரி கைவசம் இல்லை. கூட்டத்தில் பாதிப்பேர் நாட்டிலேயே இல்லை. மிச்சம் ஆட்டம் மட்டும். அது இவ்வளவு நுணுக்கமானது என்று இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

உதாரணத்துக்குத் துணி. அதன் ரோமம் பிரவுன் பக்கத்திலிருந்து கறுப்புப் பக்கமாகப் படுத்திருக்கும். எதிர்த்திசையில் மெதுவாக உருட்டினால் கடைசி ஓரடியில் பந்து விலகிப்போகும். மழைக்காலத்தில் துணி ஈரம் குடித்து இன்னும் கனத்துவிடுகிறது, குஷனும் மந்தம். பெரிய போட்டிகளில் மேஜைக்கு அடியில் சூடேற்றுகிறார்கள். இங்கே மார்க்கர் பையன் முதலில் பிரஷ் போடுவான், பிறகு கனமான இஸ்திரிப் பெட்டியை ஒரே திசையில், நிறுத்தாமல், கறுப்புப் பக்கம் வரை இழுப்பான். சூடு அதிகமானால் துணி போச்சு என்பதால் முதலில் பழைய செய்தித்தாளில் தேய்த்துப் பார்ப்பான். தேய்த்தவுடன் கிடைக்கும் மேஜை தனி சுகம். அதற்காகவே அவனுக்கு வெற்றிலை வாங்கிப் போகிறேன்.

இப்போதைய நிலவரம்: சிவப்புகளை நடுக்கோட்டில் வரிசையாக அடுக்கி, ஒரு சிவப்பு ஒரு கலர் என்று எடுக்கும் பயிற்சியில் 32 வரை வந்திருக்கிறேன். நீலத்துக்கு வெள்ளையை நிறுத்துவது பிடிபட்டுவிட்டது. கறுப்பிலிருந்து அடுத்த சிவப்புக்கு வருவதில்தான் வெள்ளை ஓரடி கூடுதலாக ஓடுகிறது. "ஊலே (மாமா), அடியைக் குறைக்காதீங்க, கியூவைப் பின்னால் இழுக்கிறதைக் குறைங்க" என்கிறான் பையன். சொன்னது சரிதான். அடுத்து அதைத்தான் பழகப்போகிறேன், பிறகு ரெஸ்ட், அதாவது கை எட்டாத பந்துக்குக் கியூவைத் தாங்கும் கோல், வைத்து ஆடுவது. இளவயதில் ரெஸ்ட் எடுப்பதைக் கேவலமாக நினைத்து மேஜைமேல் ஏறிப் படுத்து அடிப்போம். இப்போது இடுப்பு அதற்கு ஒப்பாது.