சட்டியில் இருப்பது சூப்பா, சொதியா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு பால்வாடி. படப் புத்தகத்தில் பெரிய சட்டி, மேலே ஆவி. "இது என்ன?" என்று டீச்சர் கேட்டதும் நாலு வயசுப் பிள்ளை முந்திக்கொண்டு "சொதி!" என்றது. தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் நீர்க்குழம்புக்கு அதன் வீட்டில் அதுதான் பெயர். சுற்றியிருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. டீச்சரும் சிரித்துக்கொண்டே, "சொதி இல்லடா கண்ணு, சூப். சொல்லு, சூ...ப்" என்றார். பிள்ளை சொல்லவில்லை. அன்று முழுக்க வேறெதற்கும் வாய் திறக்கவும் இல்லை.

1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து நீலகிரி மலையேறிய ஜனம் நாங்கள், அந்தப் பிள்ளை வீடும்தான். 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் எங்களுக்கு வேலை கொடுத்தது. காகிதத்தில் எங்கள் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஊர்வாயில் 'சிலோன்காரங்க'. திரும்பிய தாயகத்தை அதற்கு முன் பார்த்தே இராதவர்கள்தான் எங்களில் அதிகம்.

இப்போது அதெல்லாம் பழங்கதை. ரேஷன் கார்டு இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. போஞ்சி பீன்ஸ் ஆகிவிட்டது, கோவா முட்டைக்கோஸ் ஆகிவிட்டது, மரக்கறி காய்கறி ஆகிவிட்டது. இந்த ஊர்க்காரர்களாகிவிட்டோம் என்று சொல்லி வாய் மூடுவதற்குள், ஒரு படத்துச் சட்டி சொதியைக் கிளப்பிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த அறையில் சூப் யார் வீட்டுச் சொல்லுமில்லை. படகர் வீட்டுப் பிள்ளைக்கு அது உதக்க. கீழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு ரசம். சூப் என்றால் ஊட்டியில் சாயங்காலம் தள்ளுவண்டியில் மிளகுத்தூள் தூவி விற்பது. போதாததற்கு, வெள்ளைக்காரன் 'மல்லிகட்டானி' என்று தன் சூப் பட்டியலில் சேர்த்துக்கொண்டதே நம் மிளகுத் தண்ணியைத்தான். அவன் நம் சொல்லை வாங்கிக்கொள்ளலாம், பால்வாடியில் ஒரு பிள்ளை தன் வீட்டுச் சொல்லைச் சொல்லக்கூடாதாக்கும்!

படப் புத்தகம் வாசிப்பதில் முதல் பாடமே இதுதான். குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் 1988-இல் எழுதிய ஆய்விலிருந்து பரவிய முறை ஒன்று உண்டு. பெரியவர் படிக்க, பிள்ளை கேட்பதல்ல. பிள்ளை பேச, பெரியவர் கேட்பது. கேள்வி கேள், பதிலை ஏற்றுக்கொள், அதில் இரண்டு சொல் கூட்டிச் சொல், பிள்ளையைத் திரும்பச் சொல்ல வை: நாலே படி. "சொதி" என்று பிள்ளை சொன்னால், "ஆமா, சூடான சொதி, ஆவி பறக்குது பாரு" என்பது கூட்டிச் சொல்வது. "இந்தக் கதையில வர்ற பாட்டி இதைச் சூப்புன்னு சொல்றாங்க" என்று அடுத்த மூச்சில் புதுச் சொல்லையும் கொடுத்துவிடலாம். ஒரு சட்டிக்கு நாலு பெயர் இருந்தால் பிள்ளை குழம்பாது. முதல் பெயரைப் பிடுங்கினால்தான் குழம்பும்.

சூப் கதைகள் இந்த வயசுக்கு வாகானவை. பக்கத்துக்கு ஒரு பொருள் சட்டியில் விழும். முன்பு விழுந்ததெல்லாம் வரிசையாகத் திரும்ப வரும். மூன்றாம் பக்கத்திலேயே பிள்ளைகள் கூடச் சொல்ல ஆரம்பித்துவிடும். புத்தகம் எடுக்கும்போது இரண்டு பார்க்க வேண்டும்: 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் படம் தெரிகிறதா, பக்கத்துக்கு இரண்டு வரிக்கு மேல் இல்லாமல் இருக்கிறதா. எட்டுப் பத்துப் பிள்ளைக்கு மேல் ஒரே புத்தகத்தைச் சுற்றி உட்காரவைத்தால் பின்வரிசை ஒன்றையொன்று கிள்ளத் தொடங்கும். இரண்டு குழுவாகப் பிரிப்பதே மேல்.

அரைவட்டமாக உட்காரவைத்து, புத்தகத்தை மார்பளவில் பிள்ளைகள் பக்கம் திருப்பி, அடிவிளிம்பில் பிடிக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். எதிரே விழுந்தால் வழுவழுத் தாள் பளபளத்துச் சட்டியே மறைந்துபோகும். மூணு வயசுக்கு ஏழெட்டு நிமிஷம், ஐந்து வயசுக்கு ஒரு கால்மணி. முதல் தடவை நிறுத்தாமல் படிப்பது நல்லது. கேள்வியெல்லாம் இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை பிள்ளைகளே கதை சொல்லும், நாம் பக்கம் புரட்டினால் போதும். "தளதளன்னு கொதிக்குது" போல ஒரு வரியை எல்லாருக்குமாக ஒதுக்கிவைத்தால், பேசாத பிள்ளையும் அதில் சேர்ந்துகொள்ளும்.

பலரும் தவறுவது ஒன்றில். நிஜக் கேரட்டையும் முட்டைக்கோஸையும் முதல் நாளே தட்டில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அப்புறம் புத்தகத்தை யார் பார்ப்பார்? காய் வர வேண்டியது மூன்றாம் வாசிப்புக்கு.

ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றும் கல் சூப் கதையையும் சொல்லலாம். பசியோடு வந்த வழிப்போக்கன் வெறுங்கல்லைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஊராரிடம் ஒவ்வொரு காயாக வாங்கிவிடுவான். ஸ்வீடனில் கல்லுக்குப் பதில் ஆணி. ரஷ்யாவில் கோடாரி, அங்கே அது சூப்பில்லை, கஞ்சி. மூணு வயசுப் பிள்ளைக்கு அதிலுள்ள தந்திரம் பிடிபடாது. கல்லில்தான் ருசி என்று நம்பும். நம்பட்டும், விளக்க வேண்டாம். ஐந்து வயசுப் பிள்ளை தானே கண்டுபிடித்துச் சிரிக்கும். நடித்துக் காட்டக் கல் எடுத்தால் பிள்ளையின் முஷ்டியைவிடப் பெரிதாக இருக்கட்டும், வாய்க்குள் போகாது. அதை நிஜ அடுப்பில் ஏற்றக் கூடாது. ஓடைக்கல்லுக்குள் ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும்.

வந்தவன் ஊராரிடம் ஒரு சட்டி சூப் தேற்றிய கதை. எங்கள் பெரியவர்கள் அதைக் கேட்டால் வேறு மாதிரி சிரிப்பார்கள்.

சமைத்தும் காட்டலாம். 15 பிள்ளைக்கு, ஆளுக்கு 100 மில்லி என்று வைத்து: 2 லிட்டர் தண்ணீர், பாசிப்பருப்பு 100 கிராம், கேரட் கால் கிலோ, பீன்ஸ் 200 கிராம், உருளைக்கிழங்கு 200 கிராம், கையளவு முட்டைக்கோஸ். உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி. பீன்ஸ் கிள்ளுவதும் கழுவுவதும் பிள்ளைகள் வேலை. காயை அடுப்பிலேறாத, ஆறிய தேக்சாவில் அவர்களே கதை வரிசைப்படி போடட்டும். அப்புறம்தான் பெரியவர் அடுப்பில் ஏற்ற வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அதனால் பருப்பு வேக நேரம் பிடிக்கும். பருப்பை மட்டும் முதலிலேயே குக்கரில் வைத்து எடுத்துவிட்டால் பிள்ளைகள் காத்திருந்து அழ நேராது. காயைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, விரலால் நசுங்கும்வரை வேகவிட வேண்டும். வட்டவட்டமான கேரட் தொண்டையில் சிக்கும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், விளிம்பு சுடும். கிண்ணத்தில் ஊற்றி, பெரியவர் விரல் வைத்துப் பார்த்த பிறகே கொடுக்கலாம்.

சொதிக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், தேங்காயின் இரண்டாம் பாலில் வெந்ததும் முதற்பால் விட்டு, ஒரு கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரைந்துபோகும். எலுமிச்சை பிழிவது இறக்கிய பிறகு. இலங்கைத் தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகுமுன் ரொட்டியும் சம்பலும், ராத்திரிக்குச் சோறும் சொதியும். பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பரா என்ற தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போன காலம். நுவரெலியாவும் 1,868 மீட்டர்தான், இதே குளிர், இதே தேயிலை. ஆனால் அங்கே சட்டியில் தேங்காய்ப்பால் இல்லாத நாளில்லை என்று எங்கள் பெரியவர்கள் இன்றும் சாதிப்பார்கள். மாசக்கடைசியில் அந்தப் பால் எவ்வளவு தண்ணியாக இருந்தது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

புத்தகத்தைக் காப்பதும் ஒரு வேலைதான். ஐப்பசி மழையில் சுவரோரம் வைத்த அலமாரியில் பூஞ்சை பிடிக்கும். கெட்டி அட்டைப் புத்தகம் ஈரத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்துவரும். தகர டிரங்குப் பெட்டியில் வைத்து, வெயிலடிக்கிற நாளில் விரித்துக் காயப்போட வேண்டும்.

மூன்றாம் வாசிப்பு நாளில் மிச்ச சூப்பைத் தேக்சாவோடு வாசலில் வைத்திருப்பது நல்லது. கூட்டிப்போக வரும் அம்மாயிகளுக்கும் ஆளுக்கு ஒரு கிண்ணம். வாயில் விட்டு, நாக்கைத் தட்டி, ஒருத்தியாவது கட்டாயம் கேட்பாள்: "எல்லாம் சரிதான் டீச்சர், ரெண்டு சொட்டுத் தேங்காப்பால் விட்டா என்ன?"