பிக்கப் ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டுப் பார்த்தேன்

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.1 வோல்ட். டிம் லைட்டை எரியவிட்டு, பல்ப் ஹோல்டரிலேயே மீட்டரை வைத்தால் 11.6. நடுவில் இரண்டரை வோல்ட்டைக் காணோம். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் இறங்கும்போது, வளைவில் ரோடு எங்கே முடிகிறது என்றே தெரியாமல் ஊர்ந்து வந்ததற்கு இதுதான் காரணம்.

வண்டி பழைய பொலிரோ பிக்கப், செகண்ட்ஸில் வாங்கியது. எனக்கு முன்னால் ஓட்டியவர்களில் யாரோ ஹெட்லைட் வயரிங்கைப் பிரித்து, கைக்குக் கிடைத்த வயரைப் போட்டு, மொத்தக் கரண்டையும் ஸ்டீயரிங் சுவிட்ச் வழியாகவே ஓடவிட்டிருந்தார்கள். சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே கிடையாது. அரை மணி நேரம் லைட் எரிந்தால் சுவிட்ச் கையில் சுடும்.

எங்கள் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "பல்ப 100/90 வாட்டா மாத்துங்க தம்பி, எதுக்குப் போயி வயர நோண்டிக்கிட்டு?"

"இல்லண்ணே, பல்பு நல்லாத்தான் இருக்கு. அதுக்கு வோல்ட்டேஜே போய்ச் சேரல."

பெரிய பல்ப் போட்டால் வயரில் ஓடும் கரண்ட் கூடும். கரண்ட் கூடினால் அதே வயரில் விழும் வோல்ட்டேஜும் கூடும். ஏற்கெனவே சுடுகிற சுவிட்ச் இன்னும் சுடும். போர் மோட்டாரை மாற்றினாலும், பைப் அடைத்திருந்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வராது அல்லவா, அந்தக் கதைதான்.

கணக்கு இப்படி. எச்4 ஹாலஜன் பல்பில் 60/55 வாட் என்று அச்சடித்திருந்தாலும், 13.2 வோல்ட் கிடைத்தால்தான் டிம்மில் ஏறத்தாழ 1,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு), பிரைட்டில் 1,650 லூமன் வரும். ஹாலஜனில் வெளிச்சம் வோல்ட்டேஜின் 3.4-ஆவது அடுக்கை ஒட்டிக் கூடும், குறையும். வோல்ட்டேஜ் கொஞ்சம் சரிந்தாலே வெளிச்சம் தடாலென்று இறங்கிவிடும். 11.6 வோல்ட்டில் எனக்குக் கிடைத்தது 640 லூமன் அளவுதான். இரண்டு பல்புக்கும் சேர்த்து ஒன்பதரை ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டரை வோல்ட் என்பது 24 வாட். அவ்வளவும் வயரிலும் சுவிட்சிலும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது.

அளக்கும்போது ஒரு விஷயம். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் கப்ளரில் (பல்பில் செருகும் பிளக்) மீட்டர் வைத்தால் முழு 14 வோல்ட்டும் காட்டும், எல்லாம் சரி என்று தோன்றும். கரண்ட் ஓடும்போதுதான் வோல்ட்டேஜ் விழும். அதனால் லைட் எரியும்போதே, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை பல்பின் பாசிட்டிவிலும் வைத்தேன்: 1.9 வோல்ட். அப்புறம் பல்பின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில்: 0.6. எர்த்தில் மட்டுமே அரை வோல்ட்டுக்கு மேல் போகிறது. கிரில்லுக்குப் பின்னால் இருந்த எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், லக்குக்கு (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) அடியில் பெயின்ட்டும் அதன் மேல் துருவும். எமரி தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். 0.6 இருந்த இடத்தில் 0.1. இதற்குப் பைசா செலவில்லை. ரிலே எல்லாம் வேண்டாம் என்பவர்கள் இதையாவது செய்துவிடலாம்.

வயர் வாங்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். முதல் கடையில் எடுத்துக் காட்டியது 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) என்றார்கள், விலையும் குறைவு. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் செம்புத் தோலுக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம். சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு கடையில் முழுச் செம்பு வாங்கினேன். ஈயம் பூசிய வயர் இதற்கு நேர் எதிர்: வெளியே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு. அது நல்ல சரக்கு.

ரிலே இரண்டு, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து வரும் வயர், 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு. 87-லிருந்து இரண்டு பல்புக்கும். 85, 86 ரிலேயை இயக்கும் காயிலுக்கு. பழைய கப்ளர்களில் ஒன்று இனி பல்புக்குப் போகாது, ரிலேயைத் தட்டிவிட மட்டும்தான். காயில் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவு. பத்து ஆம்பியர் சுமந்த சுவிட்சுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு ரிலேக்கும் தனி ஃபியூஸ் வைத்தேன். டிம் ஃபியூஸ் போனாலும் பிரைட் எரியும், கொண்டை ஊசி வளைவில் மொத்தமாக இருட்டாகாது. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் அதைத் தடுக்க எதுவும் கிடையாது.

கப்ளரில் எது காமன் (டிம், பிரைட் இரண்டுக்கும் பொதுவான முனை) என்பதை டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் காமன் முனை எர்த்தாக இல்லாமல் பாசிட்டிவாக இருக்கும், சுவிட்ச் எர்த்தைத்தான் வெட்டும். அதற்கு ரிலே வயரிங் வேறு மாதிரி. ரிலேயைப் பொருத்தும்போது முனைகள் தரையைப் பார்க்கட்டும், தண்ணீர் தேங்காது. லக்குகளைச் சால்டர் வைக்காமல் கிரிம்ப் செய்தேன், அதாவது அழுத்தி நசுக்கிப் பொருத்தினேன். ஈயம் இழைக்குள் ஊறி நிற்கும் இடத்தில் வயர் விறைத்துப்போகும், அதிர்வில் சரியாக அந்த விளிம்பில் ஒடியும்.

முடித்ததும் பல்பில் 13.6 வோல்ட். கணக்குப்படி 1,100 லூமன் பக்கம். சுவிட்சில் சூடே இல்லை. ஒரு இழப்பும் உண்டு: வோல்ட்டேஜ் ஏறினால் ஹாலஜனின் ஆயுள் குறையும். 13.2-க்குப் பதில் 13.6 என்றால் கால் பங்குக்கு மேல் போய்விடும். டேஷ்போர்டில் ஒரு பல்ப் ஸ்பேர் வைத்திருக்கிறேன்.

வெளிச்சம் கூடியதும் எதிரே வருகிறவர்கள் பிரைட் அடித்துத் திட்ட ஆரம்பித்தார்கள். நான் டிம்மில்தான் வருகிறேன். பிக்கப்புக்கே உரிய சிக்கல் இது. முழு லோடு ஏற்றினால் பட்டை ஸ்பிரிங் அமுங்கி என் வண்டியின் பின்பக்கம் எட்டு சென்டிமீட்டர் இறங்குகிறது. வீல்பேஸ் சுமார் மூன்று மீட்டர். அப்படியானால் மூக்கு தூக்கி, ஐம்பது மீட்டர் தள்ளி வெளிச்சம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும், நேராக எதிராளி கண்ணுக்கு. முன்பு மங்கலாக இருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை.

அதனால் லோடு வைத்தே அட்ஜஸ்ட் செய்தேன். குடோன் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி, சமதரையில் வண்டி. லைட்டின் நடுமைய உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, டிம் வெளிச்சத்தின் மேல் கோடு அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழும்படி ஸ்க்ரூவைத் திருப்பினேன். இடது ஓரத்தில் மட்டும் கோடு கொஞ்சம் மேலே ஏறும், அது நம் பக்கத்து ரோட்டோரத்தைக் காட்ட. காலி வண்டியில் இப்போது டிம் 25 மீட்டரிலேயே தரையில் விழுந்துவிடுகிறது. பரவாயில்லை, காலியாகப் போகும்போது மெதுவாகப் போகலாம். லெவலைத் திருப்பும் குமிழ் உள்ள வண்டிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

பம்பரில் கூடுதலாக ஃபோகஸ் லைட் வைக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 111-ஆம் விதி முன்பக்க ஸ்பாட் லைட்டைத் தடை செய்கிறது. அது ஒருபுறம் இருக்க, மேல்மலைப் பனிமூட்டத்தில் அதைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

மிச்சமிருந்த வயரில் பின்பாடிக்கும் ஒரு லைட் போட்டாயிற்று. ஃப்ளெக்ஸ் போர்டுக்காரர்கள் பயன்படுத்தும் எல்இடி மாட்யூல்கள், ஒன்றரை வாட் வீதம் பதினாறு. வயரில் வீணாய்ப் போன அதே 24 வாட்தான்! ஓடும்போது பின்னால் வெள்ளை வெளிச்சம் தெரியக்கூடாது என்பதற்காக இதற்கு ஐந்து முனை ரிலே. காயிலில் கரண்ட் இல்லாதபோது மட்டும் இணைந்திருக்கும் 87ஏ முனையில் லைட்டைக் கொடுத்து, காயிலைச் சாவி லைனில் இணைத்தேன். சாவி போட்டதும் தானாக அணைந்துவிடும். மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஹெட்லைட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்து டெயில் லைட். அங்கேயும் எர்த்தில் 0.8 வோல்ட் விழுகிறது, போல்ட்டோ துருவில் இறுகிப்போயிருக்கிறது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.