இரண்டாயிரத்தில் முந்நூற்று நாற்பத்தெட்டு

பெங்களூருவில் ஒரு கிரெடிட் கார்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில், தமிழில் வரும் அழைப்புகளைக் கவனிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தேன். "மினிமம் கட்டிட்டேனே மேடம்" என்று பேச்சைத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர், கடன் முறையாக அடைந்து வருவதாகவே நம்பியிருப்பார்கள். மினிமம் என்பது, பாக்கி முழுவதையும் கட்டாவிட்டாலும் அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை.

அல்சூரில் தையல் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவருக்கு, மகளின் கல்யாணச் செலவில் 40,000 ரூபாய் கார்டில் நின்றுவிட்டது. மாதம் தவறாமல் 2,000 கட்டியும் கடன் ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டார். அவருடைய ஸ்டேட்மென்ட்டைத் திரையில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சொன்னேன்: மாதம் 3.5 சதவீதக் கணக்கில் வட்டி 1,400, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252, அசலில் கழிந்தது 348. "முந்நூத்தி நாப்பத்தெட்டா?" என்று இரண்டு முறை கேட்டார். பழைய பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்றேன். அன்று காலைதான் அதே கார்டில் லைனிங் துணி எடுத்ததாகச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கை அவருடைய ஸ்டேட்மென்ட்டிலும் ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது அந்த 348 என்ற எண்.

விதி மாறினால் நடைமுறை மாறும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கார்டை மூடச் சொல்லி அழைத்தவர்களை வேறொரு பிரிவுக்கு மாற்றி, அவர்கள் அலுத்துப்போகும்வரை சலுகை பேசுவது எங்கள் வழக்கமாக இருந்தது. 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், பாக்கி இல்லாத கார்டை 7 வேலைநாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்றன. கேட்காமல் அனுப்பிய கார்டுக்குக் கட்டணம் பிடித்திருந்தால், அதைத் திருப்பித் தருவதோடு இருமடங்கு அபராதமும் உண்டு. பல காலமாக முடியாது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் சில வாரங்களில் முடிந்தது.

கட்டிய பணத்தில் அசலுக்குப் போனது எவ்வளவு என்பதை ஸ்டேட்மென்ட்டின் முதல் வரியில் ரூபாயிலேயே அச்சிட வேண்டும் என்று இரண்டு கூட்டங்களில் கேட்டேன், இடமில்லை என்றார்கள். அதன்பிறகு 'மினிமம்' என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் அந்தக் கணக்கை நானே போட்டுச் சொல்லத் தொடங்கினேன். அதற்கு நான்கு நிமிடம் கூடுதலாகும். அழைப்பு நேரம் அளக்கப்படும் வேலை அது என்று தெரிந்தேதான் சொன்னேன்.