ஸ்பானிஷ் காலில் மழை வந்தால்

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியிலும் மான்யதா டெக் பார்க்கிலும் ஸ்பானிஷ் பிராசஸில் (ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்களின் போன் காலை எடுக்கும் கால் சென்டர் பிரிவு) உட்காரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வானிலைப் பேச்சு வெறும் அரட்டை இல்லை. வாடிக்கையாளரின் கணக்கு திரையில் லோடாகும் அரை நிமிஷம் சத்தமில்லாமல் போனால், மெக்சிகோக்காரர் லைன் கட்டாகிவிட்டதோ என்று 'புவேனோ? புவேனோ?' (ஹலோ? ஹலோ?) என்பார். அந்த இடைவெளிக்குத்தான் 'கோமோ எஸ்தா எல் கிளிமா போர் அயா?' (அங்கே வானிலை எப்படி?) ஸ்பெயின் வாடிக்கையாளரானால் 'கே தியெம்போ ஆதே?' கேள்வியை யாரும் ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். பதிலுக்கு நாமும் ஏதாவது சொல்ல வேண்டுமே, அங்கேதான் உளறல் ஆரம்பிக்கும்.

வெயில், மழை, பனி என்று சொற்பட்டியல் படித்தவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். சொல்லை விட வினையே முக்கியம். சூடு, குளிர், காற்று மூன்றுக்கும் 'ஆஸே' (ஸ்பெயினில் 'ஆதே'): ஆஸே கலோர், ஆஸே ஃப்ரீயோ. வானத்தின் நிலைக்கு 'எஸ்தா': எஸ்தா நுப்லாதோ என்றால் மேகமூட்டம். மூடுபனி, புயல் மாதிரி 'இருக்கிறது' என்று சொல்ல வேண்டியவற்றுக்கு 'ஐ': ஐ நியெப்லா. அழுத்திச் சொல்லும்போதும் இதே கணக்குதான். கலோர் பெயர்ச்சொல், அதனால் 'முச்சோ கலோர்'; நுப்லாதோ பெயரடை, அதனால் 'முய் நுப்லாதோ'. 'முய் கலோர்' என்பதுதான் ரெக்கார்டிங்குகளில் அதிகம் காதில் விழும் பிழை.

'எனக்குப் புழுங்குது' என்பதற்கு 'தெங்கோ கலோர்'. 'எஸ்தோய் கலியென்தே' என்றால் பல ஊர்களில் அர்த்தம் காமத்துக்குப் போய்விடும். கூச்சப்பட்டு இதைச் சொல்லாமல் விடும் பயிற்சியாளர்கள் உண்டு. பிறகு பதிவான காலைக் கேட்டு மதிப்பிடும் குவாலிட்டிக்காரர்தான் நெளிய வேண்டும்.

உச்சரிப்பில் தமிழுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஸ்பானிஷ் 'த' நம் 'த'வேதான். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'டியெம்போ' என்பவர்கள் தமிழில் எழுதிப் படித்தாலே சரியாகிவிடும். ஆனால் அதே தமிழ் எழுத்து இன்னோர் இடத்தில் காலை வாரும். 'ந்த' என்று எழுதினால் நம் நாக்கு பந்து, சந்து என்பதுபோல மென்மையாக்கிவிடும். காற்றைக் குறிக்கும் 'வியென்தோ' அப்போது 'பார்த்துக்கொண்டு' என்று பொருள்படும் வேறு சொல்லாகிறது. குறிப்பேட்டில் வியென்-த்தோ, தியெம்-ப்போ என்று பிரித்து எழுதுவது நல்லது. 'யோவியேந்தோ'வில் மட்டும் (மழை பெய்துகொண்டிருக்கிறது) நம் வழக்கமான மென்மையே சரி.

ஊர் தெரியாமல் பேசினால் இலக்கணம் காப்பாற்றாது. அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரெஸில் ஜனவரி கொளுத்தும், ஜூலை நடுங்கும். கொலம்பியாவின் பொகோத்தா சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வருஷம் முழுக்கக் குளிர்தான்; அங்கே 'இன்வியெர்னோ' (நேர்ப்பொருள் குளிர்காலம்) என்று வாடிக்கையாளர் சொன்னால் பெரும்பாலும் மழைக்காலம். பெருவின் லீமாவில் கொட்டும் மழை அபூர்வம், தூவானம்தான். அதன் பெயர் கருவா (ஏலக்காயோடு வரும் கருவா அல்ல).

இன்னொன்று, புகாரிலேயே வானிலை வரும். 'சே ஃபுவே லா லூஸ்' என்றால் விளக்கைத் தேட வேண்டாம், நம்மூர் 'கரண்ட் போயிடுச்சு' தான். பின்னாலேயே 'தொர்மென்தா' (புயல்), 'கிரனீஸோ' (ஆலங்கட்டி) வரும். உடனே டிக்கெட் (புகார்ப் பதிவு) எண்ணைக் கேட்பது மரியாதையில்லை. 'எஸ்தான் தோதோஸ் பியென்?' என்று வீட்டார் நலம் விசாரித்துவிட்டு, மழை எப்போது நின்றது என்று கேளுங்கள். பெய்து ஓய்ந்த மழைக்கு அவர் 'யோவியோ' என்பார். மழை பின்னணியில் பெய்துகொண்டிருந்தபோது இணைப்பு போனது என்றால் 'யோவியா'. இந்த வித்தியாசத்தைக் கோட்டைவிட்டால் டிக்கெட்டில் நேரம் தப்பாகப் பதிவாகும், களத்துக்குப் போகும் டெக்னீஷியன் திட்டுவார்.

மெக்சிகோ நகரில் காலை 9 மணி என்றால் பெங்களூருவில் இரவு 8.30. ஷிப்டில் உட்காருமுன் அந்த நாட்டு வானிலைத் துறையின் அன்றைய பக்கத்தை ஸ்பானிஷிலேயே ஒரு பார்வை பார்ப்பது எந்தப் பாடப் புத்தகத்தையும்விடப் பயன்படும். ஸ்பெயினிலிருந்து வரும் கால் வரிசை (கியூ) என்றால் அந்நாட்டு வானிலைத் துறையான ஆஏமெத் பக்கம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை எந்த மாகாணத்துக்கு என்று குறித்துக்கொண்டால், அன்று எந்தப் புகார் குவியும் என்பது பாதி தெரிந்துவிடும்.