மாம்பலம் ஸ்டேஷன்: மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி

16 மே 2023, செவ்வாய்

ஆகாயப் பாலத்தை ஒருவழியாகத் திறந்துவிட்டார்கள். முதல்வர் ஸ்டாலின் வந்து திறந்துவைத்தார். மாம்பலம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் தொடங்கி தி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரை 570 மீட்டர், அகலம் 4.2 மீட்டர், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 28 கோடி சொச்சம் செலவு. நாங்கள் மேற்கு மாம்பலத்துக்காரர்கள். பாலத்துக்குத் தூண் நட்ட நாளிலிருந்து ரயில்வே பார்டர் ரோட்டில் தகரத் தடுப்புக்கும் மாட்டுக்கும் நடுவில் புகுந்து போனவர்கள் என்ற முறையில், பாலம் எங்களுக்கும் கொஞ்சம் சொந்தம்தான். இன்று போகவில்லை, கட்சிக்கொடியும் கூட்டமுமாக இருக்கும். சனிக்கிழமை போகலாம்.

20 மே 2023, சனி

ஸ்டேஷன் ரோட்டில் காய்க்கடைகளைத் தாண்டி படி ஏறினால், பழைய நடைமேம்பாலத்திலிருந்தே புதுசுக்குப் போய்விடலாம். மேலே கூரை இருக்கிறது, காற்று வருகிறது, தரை வழுக்கவில்லை. மே மாத வெயிலில் இதுவே பெரிய விஷயம். ரங்கநாதன் தெருவை இத்தனை வருஷம் கீழேயிருந்து மட்டும் பார்த்தவளுக்கு மேலேயிருந்து பார்த்தால் வேறு ஊர் மாதிரி இருக்கிறது: பளபளக்கிற கடைகளின் பின்பக்கம் எல்லாம் துருப்பிடித்த ஏசி பெட்டிகளும் அட்டைப்பெட்டிக் குவியலும், மொட்டை மாடியில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் துணி காய்கிறது. தென் மாவட்டங்களிலிருந்து வந்து அந்தக் கட்டடங்களின் மேல்மாடிகளிலேயே தங்கி வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று கீழே நடக்கும்போது ஒருநாளும் தோன்றியதில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் எஸ்கலேட்டர், லிஃப்ட் இரண்டும் இருக்கின்றன. நான் சேலைக்கு ஃபால்ஸும் ஒரு டஜன் ஊக்கும் வாங்கத்தான் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகுதான் உறைத்தது, வாங்க வேண்டிய கடையெல்லாம் பின்னால் போய்விட்டது! திரும்ப உஸ்மான் ரோடு வழியாக நடந்து வந்து கூட்டத்தில் நுழைந்து வாங்கினேன். இந்தப் பாலம் தி.நகரைக் கடந்து போகிறவர்களுக்கு, தி.நகருக்கு வருகிறவர்களுக்கு அல்ல. அலுவலகம் போகிற நாட்களில் எனக்கு இது வரம், மற்ற நாட்களில் எப்படியோ.

11 ஜூன் 2023, ஞாயிறு

ஸ்டேஷன் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி தரையில் தார்ப்பாய் விரித்து கிளிப், பொட்டு, ரப்பர் பேண்ட் விற்கும் அக்காவிடம் கேட்டேன், பாலம் வந்து வியாபாரம் எப்படி என்று. "ஏம்மா, மேலே போறவங்க எப்பவுமே நம்மகிட்ட நின்னு வாங்கினவங்க இல்ல, ஆபீஸ் போறவங்க. ஆனா போற போக்குல பொண்ணு ஞாபகம் வந்து ஒரு கிளிப் வாங்குவாங்க பாரு, அது போச்சு" என்றார். என் அலுவலகத்தில் யாராவது இதைச் சொல்வதென்றால் நாற்பது பக்க அறிக்கை தயாரித்திருப்பார்கள்.

ரங்கநாதன் தெருவை ஒழுங்குபடுத்துகிறோம் என்று சொல்லாத ஆட்சி இல்லை. 2008-இல் ஒரு பெரிய கடையில் தீப்பிடித்து ஊழியர்கள் இரண்டு பேர் இறந்தார்கள், அந்தச் சந்துக்குள் தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லை என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. 2011 அக்டோபர் கடைசியில் விதி மீறிக் கட்டியதாக இங்கே வரிசையாகக் கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள், தெருவே பந்த் நாள் மாதிரி கிடந்தது. 2012 ஜனவரியில், பொங்கல் நேரத்தில், உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது, அப்புறம் வழக்கம்போல ஆகிவிட்டது. எட்டு மாடிக் கடை விதி மீறினால் நீதிமன்றம் போய் வருஷக்கணக்கில் வாதாடலாம். தார்ப்பாய்க்காரர் விதி மீறினால் லாரி வந்து சாமானை அள்ளிக்கொண்டு போய்விடும். தெருவியாபாரிகளுக்கென்று 2014-லேயே மத்திய அரசு தனிச் சட்டம் போட்டது, கணக்கெடுத்து இடம் கொடுக்காமல் அப்புறப்படுத்தக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அக்காவிடம் அதைச் சொன்னேன். "அந்தச் சட்டம் லாரி டிரைவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

23 ஜூலை 2023, ஞாயிறு

அத்தையைக் கூட்டிக்கொண்டு பாண்டி பஜார் போனேன். அவருக்கு முழங்கால் வலி, ஸ்டேஷன் படி ஏறச் சொல்ல முடியாது, அதனால் ஆட்டோவில் துரைசாமி சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கடைத்தெரு, நடுவில் இருப்பது என்னவோ சில நூறு அடி, ஆனால் வயதானவர்களுக்கு அது ஆட்டோக்காரர் கேட்கிற தொகை.

பாண்டி பஜாரை நான் குறை சொல்ல மாட்டேன். 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் என்று திறந்தபோது, கார் நிறுத்த இடமில்லாமல் போச்சே என்று புலம்பியவர்கள் நிறைய. இன்று பாருங்கள், அகலமான நடைபாதை, உட்காரத் திண்டு, மரங்களை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், அத்தை அஞ்சு கடைக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து முழு நீளமும் நடந்தார். படி இல்லை, லிஃப்ட் இல்லை, ஒன்றும் ஏற வேண்டாம். ஓரமாக நடைபாதைக் கல் பெயர்ந்திருக்கிறது, பைக்கை மேலே ஏற்றி நிறுத்துகிறார்கள், அதெல்லாம் உண்டு. ஆனால் நடக்கிறவருக்கு ரோட்டையே கொடுத்தது இங்கேதான், ஸ்டேஷன் பக்கம் வானத்தைக் கொடுத்தார்கள்.

இதிலும் ஒரு மறுபக்கம் இருக்கிறது. இங்கே நடைபாதையில் கடை போட்டிருந்தவர்களை அதற்கு முன்பே, 2013 வாக்கில், மாடிக் கட்டடம் ஒன்றில் கடை ஒதுக்கி உள்ளே அனுப்பிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, மேலே போகப்போக விற்பவர்களே ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தை அங்கே ஒருவரிடம் நைட்டி வாங்கினார், பேரம் பேசாமலே வாங்கினார், அது அவர் வழக்கமில்லை.

பனகல் பார்க் பக்கம் முழுக்க மெட்ரோ தடுப்பு. கலங்கரை விளக்கம், பூந்தமல்லி வழித்தடத்துக்குப் பூமிக்கடியில் ஸ்டேஷன் கட்டுகிறார்கள், பூங்காவின் ஒரு பகுதியே உள்ளே போய்விட்டது. அத்தை கல்யாணமான புதிதில் மாமாவோடு உட்கார்ந்த இடமாம். எந்தப் பெஞ்ச் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

5 நவம்பர் 2023, ஞாயிறு

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. வீட்டில் இருக்க வேண்டிய நாள், ஆனால் மருமகனுக்குச் சட்டை பாக்கி.

மாம்பலத்தில் ஒவ்வொரு மின்சார ரயிலும் வந்து நின்று கூட்டத்தைக் கொட்டிவிட்டுப் போகிறது, முதல் ரயில் ஜனங்கள் நடைமேடையை விட்டு வெளியேறுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. போலீஸ் கண்காணிப்பு கோபுரம், கேமரா, ஒலிபெருக்கியில் "உங்கள் உடைமைகளை" என்று விடாமல் ஒரு குரல். இன்றைக்குத்தான் ஆகாயப் பாலத்தின் அருமை புரிந்தது. மேலே ஓட்டமாக ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், இரண்டு கையிலும் கட்டைப்பை, தலையில் ஒன்று, இடுப்பில் குழந்தை. இவர்கள் எல்லாரும் கீழேயும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. மே மாதம் நான் எழுதியதைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன்: கூட்டம் அதிகமாகும் நாட்களில் இது கடந்து போகிறவர்களுக்கு மட்டும் அல்ல, கீழே நிற்பவர்கள் மூச்சுவிடவும்தான்.

அக்கா இடத்தில் இல்லை. தீபாவளி வரை அங்கே தரைக்கடை கூடாது என்று விரட்டிவிட்டார்களாம். வருஷத்தில் கையில் நாலு காசு பார்க்கிற வாரம் இது ஒன்றுதான்.

6 டிசம்பர் 2023, புதன்

கரண்ட் நேற்று இரவுதான் வந்தது. மிக்ஜாம் புயல். திங்கட்கிழமை மின்சார ரயில் ஓடவில்லை, துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர், ஆக மேற்கு மாம்பலம் தீவு. கீழ்வீட்டில் முழங்கால் அளவுக்கு வந்து வடிந்திருக்கிறது, பிரிட்ஜை மேஜை மேல் ஏற்றி வைத்துவிட்டு அவர்கள் எங்கள் வீட்டில் தங்கினார்கள்.

தி.நகர் முழுக்க ஒரு காலத்தில் ஏரி. நீளமான ஏரி, ஆங்கிலேயர்கள் லாங் டேங்க் என்றார்கள். 1920-களில் நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் அதை வடித்து வீட்டுமனை போட்டார்கள். அதனால்தான் ஊருக்குத் தியாகராயர் பெயர், பூங்காவுக்குப் பனகல் அரசர், ரோட்டுக்கு உஸ்மான், தெருவுக்கு நடேசன் என்று நீதிக்கட்சியின் வருகைப்பதிவேட்டுக்குள்ளேயே நடந்து போகலாம். 1931-இல் கடற்கரை, தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் வந்தபிறகு ஊர் வேகமாக நிரம்பியது. எங்கள் பக்கம் லேக் வியூ ரோடு என்றே ஒன்று இருக்கிறது, லேக் மட்டும் இல்லை. மிச்சமிருக்கும் மாம்பலம் கால்வாய்தான் தண்ணீர் போக ஒரே வழி. 2021 நவம்பர் மழையில் தி.நகர் மூழ்கியபோது அந்தக் கால்வாயில் வேலை பார்த்த மண்ணும் இடிபாடும் அடைத்துக்கொண்டதாகத்தான் பேச்சு. ஸ்மார்ட் சிட்டி பணிகளை விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் அரசு குழுகூடப் போட்டது. நடைபாதைக்குக் கிரானைட் போட்டவர்கள் அதற்கடியில் தண்ணீர் எங்கே போகும் என்று முதலில் பார்த்திருக்க வேண்டாமா? கீழே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது, ரிப்பன் வெட்டவும் முடியாது.

10 பிப்ரவரி 2024, சனி

சின்னக் குறிப்பு. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் டிசம்பர் 30 அன்று திறந்ததிலிருந்து தெற்கேயிருந்து வரும் சொந்தக்காரர்கள் கோயம்பேட்டில் இறங்குவதில்லை. கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகர பஸ்ஸில் தாம்பரம் வந்து, மின்சார ரயில் பிடித்து மாம்பலம். இன்று காலை சித்தப்பா அப்படித்தான் மூன்று வண்டி மாறி வந்து சேர்ந்தார், வந்ததும் முதல் வேலையாகத் திட்டினார். ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் அமிர்த பாரத் திட்டப் பட்டியலில் மாம்பலம் ஸ்டேஷனும் இருக்கிறது, முகப்பு மாற்றப் போகிறார்களாம். முகப்பு இருக்கட்டும், மேற்குப் பக்கம் ஸ்டேஷன் ரோட்டில் ஆட்டோவும் காய்க்கடையும் ஸ்கூட்டரும் போக நடப்பதற்கு என்ன மிஞ்சுகிறது என்று வரைபடம் போடுகிறவர் ஒரு சாயங்காலம் வந்து நின்று பார்த்தால் போதும்.

28 ஏப்ரல் 2024, ஞாயிறு

நேற்றிலிருந்து தெற்கு உஸ்மான் ரோட்டில் போக்குவரத்து மாற்றம். சி.ஐ.டி. நகர் வரை இரும்பு மேம்பாலம் கட்டுகிறார்கள், நூறு கோடிக்கு மேல், வண்டிகளுக்கு. ஒரு வருஷம் ஆகுமாம், அதாவது அதற்கு மேல். பஸ் எல்லாம் சுற்றிக்கொண்டு போகிறது. எந்த பஸ் எங்கே நிற்கும் என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டுகிறார்கள்.

எஸ்கலேட்டரில் இறங்கினால் மேட்லி ரோடு முனையில் நம்ம அக்கா! தார்ப்பாயோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் வெள்ளரிக்காய், மாங்காய் பத்தை, செல்போன் கவர், குழந்தைகளுக்கு நீர்க்குமிழி ஊதுகிறவர் என்று ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. மேலே போகிற ஜனம் எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும், அந்த இடத்தைக் கண்டுபிடிக்க இவர்களுக்கு எந்த ஆலோசனை நிறுவனமும் தேவைப்படவில்லை. பேத்திக்கு என்று கிளிப் இரண்டு வாங்கினேன். சில்லறை தேடிக்கொண்டே கேட்டார், "இந்தப் பாலம் வேலை முடியற வரைக்கும் சைதாப்பேட்டை பஸ் எல்லாம் எங்கம்மா நிக்கும்? ஆபீஸ்காரி நீதான் விசாரிச்சுச் சொல்லணும். சீக்கிரம் சொல்லு, மத்தவங்களுக்குத் தெரியறதுக்குள்ள நான் போய் இடம் பிடிக்கணும்."